பேலியோவா, விரதமா, கலோரிக் கணக்கா: அதற்கு முன்னால் அரிசிச் சிப்பம்

கேட்டவருக்கு 38 வயது. உயரம் 170 செ.மீ., எடை 86 கிலோ, சென்னையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே செய்யும் வேலை. அலுவலகத்தில் மூன்று பேர் மூன்று வழியில் இளைத்திருக்கிறார்கள். ஒருவர் பேலியோ (அரிசி, கோதுமை, சர்க்கரையை விட்டுவிட்டு இறைச்சி, முட்டை, கொட்டை, காய்கறி என்று சாப்பிடும் முறை), ஒருவர் பதினாறு மணி நேர விரதம், இன்னொருவர் செல்போன் செயலியில் கலோரி எழுதி. மூவரும் தங்கள் வழிதான் சரி என்று சத்தியம் செய்கிறார்களாம். இதில் எது நிஜமாக வேலை செய்யும், சர்க்கரை மாத்திரை சாப்பிடும் 63 வயது அம்மாவும் சேர்ந்துகொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார்.

அம்மாவின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் எடை பத்து நாள் தள்ளிக் குறைந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது. மாத்திரை விஷயம் அப்படியில்லை.

அவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று அட்டையைத் திருப்பிப் படியுங்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பயம் குறைவு. கிளிமிப்ரைடு, கிளிக்ளசைடு வகையோ இன்சுலினோ இருந்தால், சாப்பாடு தள்ளிப்போகும் நாளில் சர்க்கரை தாழ்ந்துபோகும். காலை மாத்திரை பழக்கத்தில் உள்ளே போய்விடும், இட்லி மட்டும் போகாது. பதினொரு மணிக்குக் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டும். இன்னொரு வகை உண்டு: டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று ‘கிளிஃப்ளோசின்’ என முடிகிறவை. சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றுபவை. இவற்றைச் சாப்பிட்டுக்கொண்டே அரிசி, கோதுமை, பழம் எல்லாவற்றையும் அடியோடு நிறுத்தினால் இரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறிவிடலாம். இதில் மோசமான விஷயம், மீட்டரில் சர்க்கரை பெரிதாக ஏறியிருக்காது. வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் என்று வரும், வீட்டில் எல்லோரும் ‘கேஸ்’ என்று நினைத்து ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். நிறைய மாத்திரைகள் இப்போது மெட்ஃபார்மினோடு கலந்தே வருகின்றன, அதனால் அட்டையின் பின்பக்கச் சிறிய எழுத்தையும் படிக்க வேண்டும். பிரஷர் மாத்திரை இருந்தால் அதையும் சொல்லுங்கள், மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் உப்பும் நீரும் வெளியேறி, எழுந்து நின்றால் தலை சுற்றும்.

ஆகவே அம்மா உங்களோடு சேரலாம், ஆனால் மாத்திரை அளவை மாற்றி எழுதித் தந்த டாக்டரோடு சேர்ந்து. நீங்களாக ஆரம்பித்து வைக்காதீர்கள். சோற்றை முக்கால் பங்காக்கி, காய்கறியைக் கூட்டுவதில் தொடங்கினால் போதும். விரதம் அவருக்கு இப்போது வேண்டாம்.

சரி, இனி உங்கள் கதை.

திருச்சியில் பல வருடமாக உணவு ஆலோசனை சொல்வதுதான் என் பிழைப்பு. மூன்று வழியிலும் இளைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன், மூன்றிலும் தோற்றவர்களையும். நானே 2016இல் ஏழு மாதம் பேலியோ இருந்து 11 கிலோ குறைந்தவன். அடுத்த வருடம் அதில் 8 கிலோ திரும்பி வந்தது. எப்படி இறங்குவது என்று எல்லோரும் சொல்லிக்கொடுத்தார்கள், இறங்கிய இடத்தில் எப்படி நிற்பது என்று யாரும் சொல்லவில்லை, நானும் யோசிக்கவில்லை.

இவற்றை மூன்று தனித்தனி மருந்து மாதிரிப் பேசுகிறோம். பேலியோக்காரர் தட்டில் எது விழலாம் என்று கட்டுப்பாடு வைக்கிறார். விரதக்காரர் எப்போது விழலாம் என்று வைக்கிறார். கலோரிக்காரர் நேராக எவ்வளவு என்று கேட்டுவிடுகிறார். முதல் இரண்டு பேரும் சுற்றி வந்து அதே ‘எவ்வளவு’ என்ற இடத்தில்தான் நிற்கிறார்கள், வழியில் அவர்களுக்குக் கணக்குப் போடும் வேலை மிச்சம், அவ்வளவுதான்.

பேலியோவில் பிரபலமான காலை உணவு நூறு பாதாம் அல்லவா? ஒரு பாதாம் சுமார் 1.2 கிராம். நூறு என்றால் 120 கிராம், ஏறத்தாழ 700 கலோரி. நான்கு இட்லி, தேங்காய்ச் சட்னி, பொடிக்கு இரண்டு டீஸ்பூன் நல்லெண்ணெய், சர்க்கரை போட்ட ஒரு காபி எல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் 550 சொச்சம்தான் வரும். பாதாமில் கலோரி அதிகம்! அப்புறம் எப்படி இளைத்தார்கள்? நூறு பாதாமை மென்று விழுங்கியவனுக்கு மத்தியானம் மூன்று மணி வரை பசிக்காது. பதினொரு மணி டீயும் பிஸ்கெட்டும் போயிற்று. நாலு மணி பஜ்ஜி தடை செய்யப்பட்ட பொருள். கல்யாணப் பந்தியில் பாயசம், அப்பளம், இரண்டாவது தடவைச் சோறு எதுவும் கிடையாது. காலையில் கூடிய 150 கலோரிக்கு மாலைக்குள் 700, 800 கழிந்துவிடுகிறது. மாயம் எங்கே நடக்கிறது என்றால் அங்கேதான்.

‘இல்லை, இன்சுலின்தான் காரணம், மாவுச்சத்து சாப்பிட்டால் அது சுரந்து கொழுப்பைச் சேர்த்து வைக்கிறது, மாவுச்சத்தை நிறுத்தினால் கொழுப்பு தானாகக் கரையும்’ என்பார்கள். இதை நன்றாகவே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டஃபர் கார்ட்னர் குழு 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மாவுச்சத்தையும் மறுபாதிக்குக் கொழுப்பையும் குறைத்து, ஒரு வருடம் பின்தொடர்ந்தது. 2018இல் முடிவு வந்தது. மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரியாக 6 கிலோ, கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோ இறங்கியிருந்தார்கள். புள்ளியியல் கணக்கில் இது வித்தியாசமே இல்லை. இன்சுலின் அதிகம் சுரப்பவர்களுக்கு மாவுச்சத்துக் குறைப்பு கூடுதலாகப் பலன் தருமா என்றும் பார்த்தார்கள், தரவில்லை. யாரையும் கலோரி எண்ணச் சொல்லவில்லை. இரு பக்கத்தாரிடமும் சர்க்கரையையும் மைதாவையும் குறையுங்கள், காய்கறியைக் கூட்டுங்கள், வீட்டில் சமையுங்கள் என்றுதான் சொன்னார்கள். இரு பக்கமும் தினம் 500 கலோரிக்கு மேல் தானாகவே குறைத்துச் சாப்பிட்டிருந்தார்கள்.

விரதத்துக்கும் இதே கதைதான். சீனாவில் குவாங்சோ நகரில் 139 பேரை வைத்து நடந்த ஆய்வு 2022இல் வெளியானது. எல்லோருக்கும் ஒரே கலோரி அளவு. பாதிப் பேர் அதைக் காலை 8 முதல் மாலை 4 மணிக்குள் சாப்பிட வேண்டும், மீதிப் பேருக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை. ஒரு வருடத்தில் 8 கிலோவும் 6.3 கிலோவும் குறைந்தன, அந்த இடைவெளியும் தற்செயலாக வரக்கூடிய அளவுதான். சிகாகோவில் 90 பேரிடம் நடந்த இன்னொன்று எனக்குப் பிடித்தது. அதில் ஒரு குழு மதியம் 12 முதல் இரவு 8 வரை, எதையும் எண்ணாமல், விருப்பப்படி சாப்பிட்டது. மற்றொரு குழு தினமும் கலோரி எண்ணிக் கால் பங்கு குறைத்தது. ஒரு வருடம் கழித்து இருவரும் ஏறக்குறைய ஒரே அளவு இறங்கியிருந்தார்கள். கடிகாரத்தைப் பார்ப்பதும் கணக்கு எழுதுவதும் ஒரே இடத்தில் கொண்டுபோய் விட்டன என்றால், எண்ணப் பிடிக்காதவர்களுக்கு அது நல்ல சேதி.

ஆனால் சராசரி என்பது ஏமாற்றுக்காரன். அந்த 609 பேரில் 25 கிலோவுக்கு மேல் குறைந்தவர்களும் உண்டு, எடை கூடிப் போனவர்களும் உண்டு, இரண்டு பக்கத்திலும். உங்கள் அலுவலக நண்பர்கள் மூவரும் பொய் சொல்லவில்லை. தனக்குப் பொருந்தியதை ஊருக்கே பொருந்தும் என்கிறார்கள், அது மட்டும்தான் தப்பு.

பொருத்தம் எதை வைத்து? என் அனுபவத்தில் ஒரே கேள்விதான்: உங்களுக்கு அதிகப்படியான சாப்பாடு எந்த இடத்தில் உள்ளே வருகிறது?

சிலருக்கு அது ராத்திரி வரும். பகல் முழுக்க ஒழுங்காக இருப்பார்கள். ஒன்பது மணிக்கு மூன்று தோசை, பத்தரைக்கு டிவி முன்னால் மிக்சர், படுக்கப் போகும் முன் ஒரு வாழைப்பழம். ஐம்பது கிராம் மிக்சர் என்பது இரண்டு கைப்பிடி, 270 கலோரி. இவர்களுக்கு விரதம் கச்சிதமாகப் பொருந்தும். எட்டு மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டால் முடிந்தது கதை. எதைத் தின்பது என்று நூறு விதி தேவையில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. நம் ஊருக்கு விரதம் புதிதல்ல, விரதத்தை ஏமாற்றுவதும் புதிதல்ல. பலகாரம் என்ற சொல்லே ‘பழ உணவு’ என்ற பொருள் தரும் பலாகாரத்திலிருந்து வந்தது. விரத நாளில் பழம் மட்டும் சாப்பிடுவது என்று ஆரம்பித்து, எங்கள் பாட்டி காலத்திலேயே அது இட்லி, உப்புமா, சில வீடுகளில் வடையாகவும் ஆகியிருந்தது. ‘ராத்திரி சோறு கிடையாது, பலகாரம்தான்’ என்று தியாகம் செய்த முகத்தோடு ஆறு தோசை சாப்பிட்ட பெரியப்பாவை எனக்குத் தெரியும். பதினாறு மணி நேரம் காத்திருந்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்குப் பிரியாணியில் பாய்கிறவரும் அவருக்கு வாரிசுதான். அப்புறம், விரத நேரத்தில் பால் காபி ஆகாது. நூறு மில்லி பாலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் போட்டால் நூறு கலோரி, மூன்று தடவை குடித்தால் ஒரு வேளைச் சாப்பாட்டில் பாதி. வறக்காபி குடியுங்கள், கசப்பு நாலு நாளில் பழகிவிடும்.

வேறு சிலருக்கு அது மத்தியானச் சோற்றில் வரும். சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை என்று நம் சாப்பாடே மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றும் 150 கிராம் சோறு என்று வைத்தால் மொத்தம் 450 கிராம், கிட்டத்தட்ட 585 கலோரி. தொட்டுக்கொள்ளப் பொரியல் இரண்டு ஸ்பூன். இவர்கள் மாவுச்சத்தைக் குறைத்தால் சட்டென்று பலன் தெரியும். இந்தியர்களின் சாப்பாட்டில் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் நாடு தழுவிய ஆய்வு சொல்கிறது. சென்னையில் இருக்கும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்நின்று நடத்திய ஆய்வு அது. அதே குழு 2022இல் போட்ட கணக்கில், புதிதாகச் சர்க்கரை வந்தவர்கள் அதைப் பின்வாங்க வைக்க மாவுச்சத்தை 49 முதல் 54 சதவீதத்துக்குள் கொண்டுவந்து, புரதத்தை 20 பக்கம் ஏற்றினால் போதும் என்று வந்தது. கவனியுங்கள், சோற்றை ஒழிக்கச் சொல்லவில்லை. மூன்று சுற்றில் ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கூட்டும் முட்டையும் வையுங்கள் என்பதற்குப் பக்கத்தில்தான் அது வருகிறது.

மாவுச்சத்தை அடியோடு குறைக்கும் முழுக் கீட்டோ முறை என்பது நாளுக்கு 20 முதல் 50 கிராம் மாவுச்சத்து. ஒரே ஒரு சுற்றுச் சோற்றிலேயே 42 கிராம் முடிந்துவிடும். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இது முடியும். சைவக்காரர்களுக்குப் பனீர், முட்டை சேர்ப்பவர் என்றால் முட்டை, தேங்காய் என்று நாலைந்து பொருளுக்குள்ளேயே சுற்ற வேண்டியிருக்கும், ஏனென்றால் புரதம் என்று நாம் நம்பும் துவரம்பருப்பிலேயே நூறு கிராமுக்கு 22 கிராம்தான் புரதம், 60 கிராம் பக்கம் மாவுச்சத்து. ஒரு ஆள் பங்குச் சாம்பாரில் விழும் பருப்பு இருபது, இருபத்தைந்து கிராம். அதில் கிடைப்பது ஐந்து கிராம் புரதம், ஒரு முட்டையைவிடக் குறைவு. கீட்டோவில் சிலருக்குக் கெட்ட கொழுப்பு நன்றாக ஏறுகிறது, யூரிக் அமிலத் தொல்லை இருப்பவர்களுக்குக் கால் கட்டைவிரல் வீங்குகிறது. ஆரம்பிக்கும் முன்னும் மூன்று மாதம் கழித்தும் இரத்தப் பரிசோதனை செய்யாமல் இதில் இறங்குகிறவர்களை நான் ஊக்குவிப்பதில்லை.

மூன்றாவது ரகம்தான் சிரமமானது. நேரத்துக்குச் சாப்பிடுகிறார், சோறும் அளவுதான், நொறுக்குத் தீனி இல்லை, இருந்தும் எடை ஏறுகிறது. இவர்கள் பொய் சொல்வதில்லை, அவர்கள் கண்ணுக்கு அது தெரிவதில்லை. 1992இல் வெளியான ஒரு சின்ன ஆய்வில், ‘எவ்வளவு குறைத்தாலும் இளைக்கவில்லை’ என்று சொன்ன பத்துப் பேர் உண்மையில் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று அளந்தார்கள். எழுதிக் கொடுத்ததைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு உள்ளே போயிருந்தது. இவர்களுக்கு ஒரு மாதமாவது கணக்கு வேண்டும்.

ஆனால் செயலியில் எழுதச் சொன்னால் நம் வீடுகளில் அது பத்து நாள் தாங்காது. ‘ஒரு கப் சாம்பார்’ என்று போட்டால் அது ஒரு எண் காட்டும். எந்த வீட்டுச் சாம்பார்? யார் தாளித்தது? பொதுப் பாத்திரத்தில் சமைத்து, கரண்டியால் பரிமாறி, ‘இன்னும் கொஞ்சம்’ என்று தட்டில் விழும் வீட்டில் கிராம் கணக்கு எழுதுவது நடக்கிற காரியமா?

நான் சொல்லும் வழி மளிகைக் கணக்கு. தட்டை விட்டுவிடுங்கள், சமையலறை அலமாரியை அளங்கள். போன மாதம் ஒரு வீட்டுக்குப் போட்டுக் கொடுத்ததை அப்படியே சொல்கிறேன். நான்கு பேர். 25 கிலோ பொன்னிச் சிப்பம் ஒன்று 30 நாளில் தீர்கிறது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 208 கிராம் அரிசி, சுமார் 720 கலோரி. இட்லி அரிசி தனி. எண்ணெய் எல்லாம் சேர்த்து நாலு லிட்டர், எடையில் 3,640 கிராம். ஆளுக்கு நாளுக்கு 30 கிராம், 270 கலோரி. சர்க்கரை 5 கிலோ என்றதும் அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். ஆளுக்கு நாளுக்கு 42 கிராம், எட்டு ஸ்பூனுக்கு மேல், 165 கலோரி. ‘நாங்க இனிப்பே செய்யறதில்லையே’ என்றார். செய்வதில்லை. எல்லாம் காபியிலும் டீயிலும் போயிருந்தது. அவர்கள் எதையும் எண்ணவில்லை, விரதம் இருக்கவில்லை. அடுத்த மாதம் 3 கிலோ சர்க்கரை, 3 லிட்டர் எண்ணெய் என்று பட்டியலை மட்டும் மாற்றினார்கள். அதிலேயே ஆளுக்கு நாளுக்கு 130 கலோரி கழிகிறது. தீர்ந்தால் மறுபடி வாங்கக் கூடாது, அது ஒன்றுதான் விதி. வெளியில் சாப்பிடுவது இந்தக் கணக்கில் வராது என்பதால், அதை மட்டும் ஒரு தாளில் எழுதச் சொன்னேன்.

உங்கள் எண்ணுக்கு வருவோம். 86 கிலோ, 170 செ.மீ. என்றால் உடல் நிறை குறியீடு கிட்டத்தட்ட 30. நம்மவர்களுக்கு 23க்கு மேலேயே அதிக எடை, 25க்கு மேல் பருமன் என்று வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் அதே எடையில் நமக்கு வயிற்றுக் கொழுப்பு கூடுதல். உங்கள் உடம்புக்கு நாளுக்கு ஏறத்தாழ 2,300 கலோரி செலவாகும். 1,800 பக்கம் வந்தால் வாரத்துக்கு அரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கும். மாதம் பத்து கிலோ என்று விளம்பரத்தில் பார்த்தால் கடந்து போங்கள், வேகமாக இறங்குகிறவர்களுக்குப் பித்தப்பையில் கல் வருவது உண்டு.

நீங்கள் எதைத் தேர்ந்தாலும் முதல் வாரத்துத் தராசை நம்பாதீர்கள். உடம்பில் சேமித்து வைத்த மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். பேலியோவில் முதல் வாரம் இரண்டு கிலோ போனதென்றால் பெரும்பகுதி தண்ணீர். உங்கள் நண்பர் ‘ஒரே வாரத்தில்’ என்று ஆச்சரியப்பட்டது அதுதான். பொங்கலன்று ஒரு தட்டு சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டதும் அந்த நீர் திரும்பி வரும், ‘எல்லாம் போச்சு’ என்று கைவிடுகிறவர்கள் அன்றைக்குத்தான் கைவிடுகிறார்கள். தராசை வாரம் ஒரு தடவை, அதே நாளில், காலையில் பாருங்கள். தொப்புள் மட்டத்தில் இடுப்பை டேப்பால் அளந்து எழுதுங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ.க்குள் வரவேண்டும். எடை அசையாத மாதத்தில்கூட டேப் அசையும்.

மூன்றுக்கும் பொதுவாக இரண்டு வேலை. புரதம் நாளுக்கு 80 கிராம் பக்கம் வரவேண்டும், இல்லையென்றால் கொழுப்போடு தசையும் போகும். மூன்று முட்டை, ஒரு கப் சுண்டல், இரண்டு கப் தயிர், நூறு கிராம் மீனோ கோழியோ, சைவம் என்றால் பனீரும் 30 கிராம் மீல்மேக்கரும் என்று கூட்டினால் பருப்போடு சேர்ந்து வந்துவிடும். அடுத்து, வாரத்தில் இரண்டு மூன்று நாள் எடை தூக்குங்கள். ஜிம் கட்டணம் வீண் என்றால் வீட்டில் தண்ணீர்க் கேன் இருக்கிறது.

நீங்கள் எந்த ரகம் என்று கேள்வியில் சொல்லவில்லை. ஆகவே இந்த மாதம் எதையும் மாற்றாதீர்கள். புதுச் சிப்பத்தைப் பிரிக்கும் அன்று சாக்கின் மேல் மார்க்கர் பேனாவால் தேதியை எழுதுங்கள், எண்ணெய் டின்னிலும் சர்க்கரை டப்பாவிலும் அப்படியே. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டி, எட்டு மணிக்கு மேல் வாயில் போட்டது, வெளியில் சாப்பிட்டது இரண்டையும் மட்டும் குறித்து வையுங்கள். முப்பது நாள் கழித்து அந்தத் தேதிகளையும் தாளையும் எழுதி அனுப்புங்கள், எதில் ஆரம்பிக்கலாம் என்று அப்போது சொல்கிறேன்.